மீனை முத்தமிடுகிறவன்

பிப்ரவரி 16, ஞாயிறு

காலை: தோசை, தேங்காய்ச் சட்னி. மதியம்: சோறு, விளைமீன் குழம்பு. இரவு: கோதுமைக் கஞ்சி. வாயில் வைக்க விளங்கவில்லை.

தின்பதையெல்லாம் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறாள் சர்க்கரை டாக்டரம்மா. இன்றைக்குத் தின்றதைவிடக் கண்ணால் பார்த்ததுதான் வயிற்றைக் கலக்கியது. அதையும் சேர்த்தே எழுதிவைக்கிறேன். படித்தால் படிக்கட்டும்.

என் மகள் செலஸ்டினா சென்னையிலிருந்து ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். பெயர் டெரன்ஸ். கம்ப்யூட்டர் வேலை. நம் ஆட்கள்தான், தாத்தா காலத்திலேயே தூத்துக்குடியை விட்டுப் போன குடும்பம். இவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்கிறாள். அம்மா சரி என்று சொன்னால்தான் என்றும் சொல்கிறாள். இரண்டு வாரம் கடற்கரை லாட்ஜில் தங்கி, அங்கிருந்தே வேலை பார்க்கப் போகிறானாம். நான் அவனைப் பார்த்து, பழகி, ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். என் கழுத்தில்தான் கத்தி.

பூசை முடிந்ததும் தன் படகைக் காட்டக் கழிமுகத்துக்குக் கூட்டிப்போனான். படகாம். மஞ்சள் பிளாஸ்டிக்கில், குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டியை இழுத்து நீட்டிவிட்ட மாதிரி இருக்கிறது. கயாக் என்கிறான். ஒரு ஆள் உட்கார்ந்து துடுப்புப் போட வேண்டியது. காரின் தலையில் கட்டிச் சென்னையிலிருந்து கொண்டுவந்திருக்கிறான். தண்ணீரில் இறங்கினவன் கொஞ்ச நேரத்தில் தூண்டிலில் ஒரு கொடுவா ஏற்றிவிட்டான். பொய் சொல்லக் கூடாது, நல்ல மீன். ஒரு கை நீளம் இருக்கும். கரைக்கே கொண்டுவந்து காட்டினான். பை கொண்டு வரவில்லையே என்று நான் சேலைத் தலைப்பை விரிக்கிறேன். அவன் தூண்டில் முள்ளைக் கழற்றினான். மீனை இரண்டு கையாலும் தூக்கினான். அதன் வாயில் முத்தம் கொடுத்தான்! செல்போனில் படம் எடுத்துக்கொண்டான். பிறகு தண்ணீரில் வைத்து முன்னும் பின்னும் ஆட்டி, போ என்று விட்டுவிட்டான்.

"ஏட்டி, மீன் போவுது! பிடிக்கச் சொல்லு!" என்று கத்திவிட்டேன்.

"அவரு வேணும்னுதாம்மா விட்டாரு. எப்பவும் அப்படித்தான்."

"எதுக்குட்டி?"

"அது ஒரு விளையாட்டும்மா."

மீன் ஏலக் கூடத்தில் நின்று விற்றே என் ஆயுசு போயிற்று. அழுகின மீன், அழுகின மனிதர்கள் எல்லாம் பார்த்தாயிற்று. பச்சை மீனின் வழுவழுப்பான வாயில் உதட்டை வைக்கிறவனை இன்றுதான் பார்க்கிறேன். சீ. அதே வாயால் "வரேன் ஆன்ட்டி" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனான்.

பிப்ரவரி 17, திங்கள்

காலை: இட்லி. மதியம்: சோறு, முருங்கைக்காய். இரவு: மறந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரருடைய அண்ணன் கயத்தான் வந்தார். அவர் தம்பி போன பிறகு இந்த வீட்டின் நல்லது கெட்டதுக்கெல்லாம் முதல் நாற்காலி அவருக்குத்தான்.

"தவக்காலம் வந்துட்டுன்னா ஈஸ்டர் வரைக்கும் கல்யாணத்துக்கு வாயத் தொறக்க முடியாது. அதுக்குள்ள பேச்ச முடி பிரகாசி. பிள்ளைக்கு முப்பத்திரண்டு ஆவுதுல்லா?"

வயதைத் தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார். ஜன்னல் திறந்திருந்தது. எழுந்துபோய்ச் சாத்தினேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

மதியம்: சோறு அளவுக்கு மேல். ஊளிமீன் குழம்பு, பொரியல். கோபத்தில் தின்றேன்.

பையனை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தோம். விருந்தாளி என்று நல்ல ஊளியாகப் பார்த்து வாங்கியிருந்தேன். வந்து உட்கார்ந்ததும் மீன் பேச்சுதான். சரி, நமக்குத் தெரிந்த விஷயமாயிற்றே என்று நானும் பேசினேன்.

"கயாக்ல போய்ப் பிடிக்கிறதுக்கு எந்த மீன் ஒசத்தின்னு நினைக்கிறீங்க ஆன்ட்டி?"

"சீலா. குழம்புக்கும் சரி, வறுக்கவும் சரி."

"எனக்குப் பாறைமீன்தான் ஃபர்ஸ்ட். பெரிய பாறை மாட்டுச்சுன்னா கயாக்கையே இழுத்துட்டுப் போகும். நாம சும்மா உக்காந்திருக்க வேண்டியதுதான், கடலெல்லாம் சுத்திக் காட்டும். அதுக்கு அடுத்தது ஊளி. அது அடிக்கிற வேகம் இருக்கே! மூணாவது கொடுவா. அது தண்ணியை விட்டு எகிறித் தலையை ஆட்டும் பாருங்க..."

கண்ணெல்லாம் மின்னுகிறது. கையை அப்படியும் இப்படியும் ஆட்டிக் காட்டுகிறான். ருசியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எது எப்படி இழுக்கும், எது எப்படித் துடிக்கும் என்பதே பேச்சு. நான் குழம்பை எடுத்து இலையில் ஊற்றப்போனேன். கையைக் குறுக்கே நீட்டினான்.

"சாரி ஆன்ட்டி. நான் மீன் சாப்பிட மாட்டேன்."

கரண்டி கையிலேயே நின்றுவிட்டது.

"ஒத்துக்கிடாதா?"

"அப்படி இல்ல. கையில எடுத்துப் பார்த்தப்புறம் அதைக் கொல்ல மனசு வரல. அதுக்கப்புறம் வாசனையே பிடிக்காமப் போச்சு. குமட்டுது."

குமட்டுகிறதாம்! என் அடுப்பில் கொதித்த குழம்பு குமட்டுகிறதாம். "அப்ப தூண்டில் குத்துற நேரத்துல அதுக்கு வலிக்காதா தம்பி?" என்று கேட்டேன். ரசத்தை எடுத்துச் சோற்றில் ஊற்றிக்கொண்டான். பசிக்குப் பிடிக்கிறவனைத் தெரியும், வயிற்றுப்பாட்டுக்குப் பிடிக்கிறவனைத் தெரியும். துடிப்பதைப் பார்க்கவென்றே பிடிக்கிறவனை வீட்டுக்குள் விட எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

பிப்ரவரி 20, வியாழன்

மீன் வாங்கவில்லை. மகள் பேசவில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

காலை: உப்புமா. மதியம்: சோறு, சாளை அவியல். இரவு: இரண்டு சப்பாத்தி.

சாளை கழுவிக்கொண்டிருக்கும்போது செலஸ்டினா அவனைக் கைத்தாங்கலாக வீட்டுக்குள் கொண்டுவந்தாள். கெளுத்தி முள் உள்ளங்கையில் ஏறியிருக்கிறது. கெளுத்தியையும் முத்தமிடப் போனானோ என்னவோ. முகமெல்லாம் வெளுத்து, கண்ணில் தண்ணீர் வழிகிறது. முப்பத்தைந்து வயது ஆண்பிள்ளை மூக்கைச் சிந்திக்கொண்டு என் அடுப்படியில் உட்கார்ந்திருந்தான். பார்க்கச் சகிக்கவில்லை.

சூடு பொறுக்கிற அளவுக்கு வெந்நீர் வைத்து, கையை அதற்குள் விடச் சொன்னேன். ஆற ஆற மாற்றிக்கொண்டே இருந்தேன். வலி இறங்கியதும், "தேங்க்ஸ் ஆன்ட்டி. அந்த மீனுக்கு ஒண்ணும் ஆகல, நல்லாப் போயிடுச்சு" என்றான். அதை யார் இவனிடம் கேட்டார்கள்?

செலஸ்டினா அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். என் முன்னாலேயே. நான் சாளையைப் பார்த்துக்கொண்டேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

மதியம்: கோழி. எவ்வளவு என்று எழுத மாட்டேன்.

இன்று பூசையில் யாருக்கோ கல்யாண ஓலை வாசித்தார்கள், மூன்று ஞாயிறு வாசித்தால்தான் கல்யாணம். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் என்று சாமியார் வாசிக்க ஆரம்பித்ததும் பக்கத்தில் இருந்த செலஸ்டினா வெளியே போய்விட்டாள். செருப்பைத் தேடுவது போல வாசலில் குனிந்துகொண்டிருந்தாள்.

அந்தப் பழைய விஷயத்தை இதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். டாக்டரம்மாவுக்கு அது எதற்கு? ஆனால் எழுதாவிட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது. இறால் கம்பெனிக்காரர் மகன். நான் பார்த்துப் பேசி முடித்த இடம். நல்ல குடும்பம், நல்ல நிறம். மாதா கோவில் திருவிழாவில் எல்லார் பார்க்கவும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றினான். ராட்டினத்துக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டான். கோவிலில் முதல் ஓலை வாசித்தார்கள், இரண்டாவது ஓலையும் வாசித்தார்கள். மூன்றாவது வாசிக்கிறதுக்குள் போன் வந்தது, வேண்டாமாம். என்ன காரணம் என்று இன்று வரை சொல்லவில்லை. அப்புறம் மூன்று கிறிஸ்துமஸுக்கு இவள் இந்த ஊர்ப் பக்கமே வரவில்லை. ராட்டினத்துப் படம் மட்டும் அவன் போனில் ரொம்ப நாள் இருந்ததாகச் சொன்னார்கள்.

ஆணாய்ப் பிறந்தவர்களுக்குப் படம் எடுப்பதில் என்னதான் கிடைக்கிறதோ.

பிப்ரவரி 24, திங்கள்

காலை: இட்லி. மற்றதெல்லாம் வழக்கம்போல.

கயத்தான் அத்தான் வந்து ஒரு குண்டைப் போட்டுவிட்டுப் போனார். பேச்சு முடிக்கிற நாளில் மாப்பிள்ளை வீட்டார் பெரிய மீன் ஒன்று கொண்டுவருவது எங்கள் தெருவில் வழக்கம். பெண்ணின் தாய் எல்லார் முன்னாலும் அதை அறுக்க வேண்டும். தலை மாப்பிள்ளைக்கு. உடம்பு இரண்டு வீட்டாருக்கும். சாப்பிட்டு முடித்தால் பேச்சு முடிந்தது, பிறகு யாரும் பின்வாங்கக் கூடாது. ஏலத்தில் வாங்கிக்கொண்டு வருவதுதான் எல்லாரும் செய்வது. இவர் இன்று டெரன்ஸிடம் என்ன சொல்லியிருக்கிறார்?

"நீ பெரிய மீன்காரன்லா மாப்ளே! நாங்க வாங்குன மீனை ஒத்துக்கிட மாட்டோம். ஓங் கையால பிடிச்ச மீனுதான் பந்திக்கு வரணும். அதுவும் பாறை. என்ன சொல்லுத?"

அவன் தலையை ஆட்டிவிட்டானாம். அத்தானுக்கு ஒரே சிரிப்பு. ஞாயிற்றுக்கிழமைக்கு நாள் குறித்துவிட்டார். நான் இன்னும் என் வார்த்தையைச் சொல்லவே இல்லை. "மீனு வந்தா சரின்னு சொல்லு, வராட்டி வேண்டாம்னு சொல்லு. ஒனக்கும் லேசாப் போச்சு" என்கிறார். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது.

பிப்ரவரி 26, புதன்

காலை: ஒன்றும் இல்லை. மதியம்: மோர்ச் சோறு.

கொடியில் துணி காயப்போடும்போது மதிலுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேரும் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. நானாக ஒட்டுக் கேட்கவில்லை.

"ஒரு மீனு டெரன்ஸ். ஒரே ஒரு மீனு."

"ட்ரை பண்றேன் செலஸ். ரெண்டு நாளா மாட்டுது. கையில எடுத்தா முடியல."

"அம்மாவுக்காகக் கேக்கலை. எனக்காகக் கேக்கேன். இன்னொரு தடவை இந்தத் தெருவுல என்னால தலைகுனிஞ்சு நடக்க முடியாது."

அதற்கு அவன் சொன்னது கேட்கவில்லை. ஈரத்துணியைப் பிழிய மறந்து அப்படியே போட்டிருக்கிறேன். தரையெல்லாம் தண்ணீர்.

மார்ச் 1, சனி

காலையிலிருந்து ஓயாத வேலை. பக்கத்து வீட்டில் நாற்காலி வாங்கிப் போட்டேன். மசாலா அரைத்தேன். சந்தையிலிருந்து தேங்காய் வந்தது, இரண்டு அழுகல். டெரன்ஸின் அப்பா அம்மா ரயிலில் வந்து இறங்கினார்கள். அமைதியான மனிதர்கள். அந்த அம்மாளுக்கும் சர்க்கரையாம், கொஞ்ச நேரம் மாத்திரைகளைப் பற்றிப் பேசினோம்.

செலஸ்டினா சாயந்திரம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு எங்கேயோ போனாள். வந்தபோது கையில் எதுவும் இல்லை. முகம் மட்டும் சரியாக இல்லை.

மார்ச் 2, ஞாயிறு

இன்று என்ன தின்றேன் என்று பிறகு எழுதுகிறேன்.

விடியும்போதே டெரன்ஸ் படகை இறக்கிவிட்டானாம். கரையில் செலஸ்டினா நின்றிருக்கிறாள். பூசை முடிந்து எல்லாரும் வீட்டுக்கு வந்து சேரவும், இரண்டு பேரும் தாம்பாளத்தில் பாறையோடு வரவும் சரியாக இருந்தது. தெருவே வாயைப் பிளந்தது. அந்தக் கனத்துக்கு ஒரு பாறை நம் வீட்டு வாசலில் ஏறி வருஷக்கணக்காகிறது. அத்தான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

தாம்பாளத்தை என் முன்னால் வைத்தார்கள். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. கண் மங்கியிருந்தது. செவுளுக்குப் பின்னால் வலை இறுக்கிய கோடு சுற்றிலும் ஓடியது. வயிற்றில் கை வைத்தேன், ஐஸில் ஓர் இரவு கிடந்த சில்லிப்பு. உதட்டில் தூண்டில் குத்தின அடையாளமே இல்லை.

நிமிர்ந்து டெரன்ஸைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இவ்வளவு நாளும் இவன் செய்ததையெல்லாம் வெறுத்திருக்கிறேன், ஆனால் ஒன்றையும் ஒளித்துச் செய்யவில்லை. மீன் தின்னமாட்டேன் என்பதைக்கூட என் முகத்துக்கு நேரே சொன்னவன். இப்போது பொய்யைத் தட்டில் வைத்து நீட்டுகிறான். என் மகளும் சேர்ந்து நீட்டுகிறாள்.

"நில்லு நில்லு. அறுக்கிறதுக்கு முன்ன வாயத் தொறந்து காட்டு பிரகாசி. எங்க மாட்டிச்சுன்னு பாப்பம்" என்று அத்தான் குனிந்தார்.

டெரன்ஸ் ஓர் அடி முன்னால் வந்தான். "அங்கிள், அது வந்து..." என்று ஆரம்பித்தான். சொல்லிவிடப் போகிறான் என்று எனக்குப் புரிந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு செலஸ்டினா நின்றாள். வேண்டாம் என்று போன் வந்த அன்றைக்கும் அதே இடத்தில்தான் நின்றாள், முகமும் அதே முகம்தான்.

வெட்டுக்கத்தியை ஓங்கி மீனின் மூக்கிலேயே இறக்கினேன். தலை இரண்டாகப் பிளந்து உதடு சிதறிவிட்டது. அத்தான் வெள்ளைச் சட்டையெல்லாம் ரத்தம்.

"தூண்டில் கிழிச்ச இடத்துலேயே கத்தி பட்டுப் போச்சே அத்தான். ஒரு எட்டுத் தள்ளி நிக்கப்பிடாதா?" என்றேன்.

அத்தான் சட்டையைப் பார்த்தார், மீனைப் பார்த்தார், என்னையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சட்டை கழுவப் போய்விட்டார்.

வழக்கப்படி தலையைக் குழம்பு வைத்து டெரன்ஸ் இலையில் வைத்தேன். கேட்டான் என்றால் ஒரு துண்டு மட்டும் தொட்டுவிட்டு எழுந்திரு என்று காதில் சொல்லலாம் என்று இருந்தேன். அவன் கேட்கவில்லை. கன்னத்துச் சதையை எடுத்து வாயில் வைத்தான். தொண்டை ஏறி ஏறி இறங்கியது. நெற்றியில் வியர்வை. மறுபடியும் எடுத்தான். மூளைப் பக்கத்து வழுவழுப்பையும் எடுத்தான். அவன் உதட்டில் அது ஒட்டிக்கொண்டு நின்றது.

"கண்ணைத் தின்னு மாப்ளே! அதுதான் ருசி" என்று அத்தான் எதிர்ப் பந்தியிலிருந்து சத்தம் போட்டார்.

கண்ணையும் தின்றான். செலஸ்டினா எழுந்திருக்கப் பார்த்தாள். அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தேன். இலையில் எலும்பு மட்டும் மிச்சம் வைத்து, இலையை மடக்கி, எல்லாரையும் கும்பிட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போனான்.

செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன். கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்துக்கொண்டிருந்தான். யாரும் வந்துவிடாமல் கதவைச் சாத்தினேன். முதுகைத் தடவிவிட்டேன். பிறகு வாளியில் மண் அள்ளி வந்து, அந்த இடத்தை நானே மூடினேன். எனக்குக் குமட்டவில்லை. அது எப்படி என்று தெரியவில்லை.

திரும்பி வந்து, "எனக்குச் சம்மதம்" என்று சபையில் சொன்னேன்.

மதியம்: பாறைமீன், இரண்டு துண்டு. இனிப்பு, ஒன்று. டாக்டரம்மா மன்னிக்க வேண்டும்.

மார்ச் 3, திங்கள்

பெரியவர்கள் காலை ரயிலுக்குப் போய்விட்டார்கள். செலஸ்டினா அவர்களை ஏற்றிவிடப் போயிருந்தாள். டெரன்ஸ் தனியாக வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஆன்ட்டி, அந்த மீன் நான் பிடிச்சது இல்ல."

"தெரியும்."

"அப்புறம் ஏன்..."

"அதை விடும். யாரு வாங்குனா?"

"செலஸ். முந்தின நாளே வாங்கி ஐஸ்ல வெச்சிருந்தா. என்னால கொண்டுவர முடியாதுன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. ஆனா எனக்கு நேத்து காலையில நிஜமாவே மாட்டுச்சு ஆன்ட்டி."

போனை எடுத்துக் காட்டினான். கடவுளே! தாம்பாளத்தில் வந்ததைவிடப் பெரிய பாறை. மஞ்சள் தொட்டியில் அவன் மடி நிறையப் படுத்திருக்கிறது.

"இதை என்ன செஞ்சீரு?"

"விட்டுட்டேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். "கையில வந்ததை விட்டுட்டு, ஐஸ் மீனைத் தூக்கிக்கிட்டு வந்து பொய் சொல்லுதீராக்கும்! ஒண்ணை நீரு விட்டதுக்கு இன்னொண்ணு செத்துச்சே. அது உசுரு இல்லையா?"

"உசுருதான்" என்றான். "அதனாலதான் மிச்சம் வைக்காமச் சாப்பிட்டேன்."

அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறதா இல்லையா என்று யோசிக்க எனக்குப் பொறுமை இல்லை. இத்தனை நாளாக நெஞ்சில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"பிடிக்கீரு. முத்தங் குடுக்கீரு. படம் எடுக்கீரு. பொறவு விட்டுட்டுப் போயிருதீரு. எம் பிள்ளையையும் அப்படிச் செஞ்சீருன்னா நான் எங்க போய் முட்டிக்கிடுவேன்?"

அவன் முகத்தில் கோபம் வரவில்லை. நான் கேட்டது புரியாதவன் மாதிரி என்னைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"ஆன்ட்டி, அவ மீன் இல்லையே."

எனக்குச் சுருக்கென்றது. காபி போடுகிறேன் என்று அடுப்படிக்கு வந்துவிட்டேன். பால் பொங்கி வழிகிற வரை சும்மா நின்றேன். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் அவளைத் திரும்பி நில் என்று சொன்னது யார்? வயதைக் குறைத்துச் சொல்லச் சொன்னது யார்? இறால் கம்பெனிக்காரர்கள் வந்த அன்று, வெளிச்சம் நன்றாக விழுகிற பக்கமாகப் பார்த்து அவளை உட்கார வைத்தது யார்? ஏலக் கூடத்தில் மீனுக்குச் செய்கிறதையெல்லாம் வீட்டில் மகளுக்கும் செய்திருக்கிறேன். அடுப்பை அணைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். நேற்று வராத குமட்டல் அப்போதுதான் எனக்கு வந்தது.